நாலு தடவை ஆரம்பிச்சு நின்னுபோச்சுங்க, அஞ்சாவது தடவை எப்படி ஆரம்பிக்கறது?

நூல்கடைக் கணக்கு (ஈரோடு):

வணக்கமுங்க. வயசு 46. ஈரோட்டுல ஒரு நூல் கடையில கணக்கு எழுதறேன். காலைல ஒன்பதரைக்கு உக்காந்தா ராத்திரி எட்டு வரைக்கும் நாற்காலிதான். போன மாசம் ரத்தம் குடுத்துப் பாத்ததுல மூணு மாச சராசரி சர்க்கரை, எச்பிஏ1சி, 6.1ன்னு வந்துச்சு. "இப்ப மாத்திரை வேண்டாம், பார்டர்ல நிக்கறீங்க, நடங்க, சாப்பாட்டைப் பாத்துக்கங்க"ன்னு டாக்டர் சொல்லி அனுப்பிட்டாருங்க.

எங்கப்பாவுக்குச் சர்க்கரையில கால் விரல் ரெண்டு எடுத்தாங்க. கடைசி மூணு வருசம் செருப்புக்குள்ள பஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் நடந்தாரு. வாசல்ல அந்தச் செருப்பு கிடக்கறது இன்னும் கண்ணுல நிக்குது. அதனால எனக்குப் பயம் இல்லாம இல்லைங்க. பயம் இருந்தும் நாலு தடவை ஆரம்பிச்சு நாலு தடவையும் நின்னுபோச்சு.

முதல் தடவை 2,800 ரூபாய்க்கு ஷூ வாங்கி, காலைல அஞ்சு மணிக்கு வ.உ.சி. பூங்கா பக்கம் ஒரு மணி நேரம் நடந்தேன். 19 நாள் ஓடுச்சு. சளி புடிச்சு நாலு நாள் படுத்தேன், அப்புறம் போகவே இல்லை. அடுத்தது ஜிம். ஆறு மாசத்துக்குச் சேத்துப் பணம் கட்டி 11 நாள் போனேன். மூணாவது, ராத்திரி சோத்தை அடியோட விட்டேன். பத்தாவது நாள் ஒரு கல்யாண வீடு, அதோட போச்சு. நாலாவது, போன்ல ஆப் போட்டுத் தினம் 10,000 அடி. ரெண்டு வாரத்துல குதிகால் வலி.

எனக்கு மன உறுதி இல்லைன்னு வீட்டுலயும் சொல்றாங்க, நானும் அப்படித்தான் நினைக்கறேன். இதுல இருந்து வெளிய வந்தவங்க யாராச்சும் சொல்லுங்க.

பழைய டிரில் மாஸ்டர் (பாளையங்கோட்டை):

தம்பி, நான் 31 வருடம் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். இன்று வயது 68, இன்றும் நாலரைக்கு எழுந்துவிடுவேன். உடற்பயிற்சிக்குக் காலை நேரத்தை விட்டால் வேறு நேரம் கிடையாது. மனம் வைத்தால் மார்க்கம் உண்டு. 21 நாள் விடாமல் செய்யுங்கள், பிறகு அது பழக்கமாகிவிடும். நீங்கள் 19வது நாளில் விட்டதுதான் தவறு, இன்னும் இரண்டு நாள் தாங்கியிருக்க வேண்டும்.

காவிரி செவிலி (தஞ்சாவூர்):

மாஸ்டர் ஐயா மன்னிக்கணும், அந்த 21 நாள் கணக்கு சரியில்லை. 1960ல் அமெரிக்காவுல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க தங்களோட புது முகத்துக்குப் பழக குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு எழுதினார். அது வாய்மாறி வாய்மாறி எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள்னு ஆயிடுச்சு. லண்டன்ல யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேரை வச்சு இதை நேரடியாவே பாத்தாங்க, 2010ல் அச்சுல வந்த ஆய்வு. ஒரு வேலை யோசிக்காம தானா நடக்கிற அளவுக்கு வர சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள், நடுவாந்திரமா 66 நாள். சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிறதெல்லாம் சீக்கிரம் படிஞ்சுது, உடற்பயிற்சிக்கு ரொம்ப நாள் புடிச்சுது. அதுல எனக்கு முக்கியமாப் பட்டது வேற ஒண்ணு. நடுவுல ஒரு நாள் விட்டவங்களுக்கு அதனால பெரிய பாதிப்பு ஒண்ணும் இல்லை. மறுநாள் தொடர்ந்தா போதும்.

அண்ணா, நான் தொற்றாநோய் பிரிவுல வேலை பாக்கறேன். தினமும் உங்க மாதிரி முப்பது, நாப்பது பேர் எதிர்ல வந்து உக்கார்றாங்க. "மன உறுதி இல்லை"ன்னு சொல்லாதவங்களே கிடையாது. உங்க நாலு தடவையையும் நான் ரெண்டு முறை படிச்சேன். நாலுமே உங்க நாளுக்கு வெளியில இருந்து கொண்டுவந்து செருகின வேலை. எட்டு மணிக்குக் கடை மூடி, பத்தரை, பதினொண்ணுக்குப் படுக்கிறவரை அஞ்சு மணிக்கு எழுப்பினா தூக்கம் ஆறு, ஆறரை மணி நேரம்தான் வரும். அப்படி எத்தனை நாள் ஓடும்? சளி வந்தது தற்செயலா இருக்கலாம், ஆனா அந்த ஏற்பாடு எப்படியும் ஏதாவது ஒண்ணுல தட்டி நின்னிருக்கும்.

10,000 அடியும் அப்படித்தான். 1965 வாக்குல ஜப்பான்ல அடி எண்ணுற கருவி ஒண்ணு விற்பனைக்கு வந்தது. அதோட பேரே அந்த மொழியில "பத்தாயிரம் அடி மானி". விக்கிறதுக்கு வச்ச பேர் உலகத்துக்கே கணக்காயிடுச்சு. நடக்க முடிஞ்சா நல்லதுதான், ஆனா உக்காந்தே வேலை பாக்கிறவர் முதல் நாளே அதுல குதிச்சா குதிகால் தாங்காது.

உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 150 நிமிஷம், கொஞ்சம் மூச்சு வாங்குற வேகத்துல. நாளைக்கு 22 நிமிஷம் கூட வராது. முன்னாடி ஒரு தடவைக்குக் குறைஞ்சது பத்து நிமிஷமாவது இருக்கணும்னு வச்சிருந்தாங்க. 2020ல் அதையும் எடுத்துட்டாங்க, துண்டு துண்டா நடந்தாலும் கணக்குல சேரும். வேகத்துக்கு அளவு என்னன்னா, பேச முடியணும், பாட முடியக் கூடாது.

நம்ம சென்னையிலயே இதைச் செஞ்சு பாத்திருக்காங்க. டாக்டர் ராமச்சந்திரன் குழு, 2006ல் வெளிவந்தது. உங்க நிலைமையில, பார்டர்ல இருந்த 531 பேரை எடுத்துக்கிட்டாங்க. சும்மா பொதுவான அறிவுரை மட்டும் கேட்டவங்கள்ல மூணு வருஷத்துல நூத்துக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடை, சாப்பாடுன்னு கூடவே இருந்து மாத்தினவங்கள்ல 39. எடை பெருசா குறையாமலேயே இந்த வித்தியாசம். எடை மெஷினைப் பாத்து மனசு விடுறவங்ககிட்ட நான் இதைத்தான் சொல்லுவேன்.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. மத்தியானம் சாப்பிட்ட இலையையோ டிபன் பாக்ஸையோ மூடின கையோட பத்து நிமிஷம் நடங்க. சாப்பாட்டுக்கு அப்புறம்தான் ரத்தத்துல சர்க்கரை ஏறும். அந்த நேரத்துல கால் தசை வேலை செஞ்சா, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காம அதுவே சர்க்கரையை இழுத்துக்கும். டிபன் பாக்ஸ் மூடுறது நீங்க ஏற்கெனவே தினமும் செய்யிற வேலை. அதோட வால்ல நடையைக் கட்டிவிடுங்க. ரெண்டு வாரம் வேற எதையும் மாத்தாதீங்க.

நூல்கடைக் கணக்கு:

ரொம்ப நன்றிங்க சிஸ்டர். பத்து நிமிசம் போதும்னு யாரும் இதுவரைக்கும் சொன்னதில்லைங்க. கடையில நாலஞ்சு டீ வரும், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சக்கரை. அதை நிறுத்தட்டுங்களா?

காவிரி செவிலி:

இப்ப வேண்டாம். ரெண்டு வாரம் கழிச்சு, டீயை நிறுத்தாம சக்கரையை மட்டும் அரை ஸ்பூன் குறைங்க. அஞ்சு டீக்குப் பத்து ஸ்பூன்னா 40, 50 கிராம் சக்கரை. நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லது. நாக்கு மெதுவா பழகிக்கும். ஒரே நாள்ல நிறுத்தினீங்கன்னா பத்தாவது நாள் இன்னொரு கல்யாண வீடு வரும்.

முன்னாள் நடத்துனர் (திருச்சி):

நானும் என் கதையைச் சொல்றேன். 26 வருஷம் பஸ்ல கண்டக்டர். டவுன் பஸ்ல நின்னுக்கிட்டே, முன்னால பின்னால போய்க்கிட்டே இருக்கணும். மூணு வேளையும் சோறுதான், கணக்குப் பாக்காம சாப்பிடுவேன். உடம்புல ஒண்ணும் இல்லை. மூட்டு வலின்னு எழுதிக் குடுத்து டிப்போவுல உக்கார்ற வேலை வாங்கினேன். சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நாலே வருஷத்துல 11 கிலோ ஏறி, சர்க்கரை, பிரஷர் ரெண்டும் வந்துடுச்சு. அதே சோறு, அதே ஆள். கூட வேலை பாத்த டிரைவருங்களுக்கும் அந்த வயசுல நெஞ்சு வலின்னு கேள்விப்படுவேன், அப்ப எனக்கு ஏன்னு புரியலை.

காவிரி செவிலி:

ஐயா, நீங்க சொன்னது அப்படியே லண்டன்ல நடந்தது. ஜெரி மோரிஸ்னு ஒரு டாக்டர், 1940கள் கடைசியில அந்த ஊர் மாடி பஸ்களோட டிரைவர், கண்டக்டர் எல்லாரையும் கணக்கெடுத்தார். டிரைவர் நாள் முழுக்க உக்காந்திருப்பார். கண்டக்டர் வேலை நாள்ல 500, 600, 750 படின்னு ஏறி இறங்குவார். மாரடைப்பு கண்டக்டர்களுக்குத் தெளிவா குறைவு, வந்தாலும் அதுல சாகிறவங்க குறைவு. 1953ல் வெளியிட்டார். உடம்பை அசைக்கிறதுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருக்குன்னு மருத்துவ உலகம் காது குடுத்துக் கேட்க ஆரம்பிச்சதே அதுக்கு அப்புறம்தான். உங்க 26 வருஷம் உங்களைக் காப்பாத்தியிருக்கு ஐயா.

முன்னாள் நடத்துனர்:

படிக்கையில கண்ணு கலங்கிருச்சும்மா. கால் கடுக்க நின்ன வேலையை நான் சாபம்னுதான் நினைச்சிருந்தேன்.

மீனாட்சி நகர் அம்மா (மதுரை):

இதெல்லாம் படிக்க நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒரு நியாயம் சொல்லுங்க. காலைல நாலே முக்காலுக்கு எந்திரிச்சு, தண்ணி புடிச்சு, ரெண்டு பிள்ளைகளுக்கும் அவருக்கும் கட்டிக் குடுத்து, எட்டரைக்கு ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போறேன். அங்க ராத்திரி ஒன்பது வரைக்கும் நிக்கணும். வந்து பாத்திரம் தேய்க்கணும். எல்லாரும் சாப்பிட்டு மிச்சம் இருக்கிறதை நான் சாப்பிடுறேன். எனக்கும் வயிறு போட்டுருச்சு, இடுப்பு வலி. "உனக்காக நேரம் ஒதுக்கு"ன்னு எல்லா டாக்டரும் சொல்றாங்க. எங்கருந்து ஒதுக்க? வேலை செஞ்சே ஓடாத் தேயிறேன், இதுக்கு மேல உடற்பயிற்சி வேறயா?

காவிரி செவிலி:

அக்கா, உங்க கோவம் நியாயம். உங்களுக்கு நடைப்பயிற்சி வேணும்னு நான் சொல்லவே மாட்டேன். வீட்டு வேலையும் கணக்குல சேரும். குடம் தூக்குறது, மாடி ஏறுறது, துணி துவைக்கிறது எல்லாமே. உங்களுக்குக் குறையிறது வேற ரெண்டு. ஒண்ணு, ஒரே இடத்துல நிக்கிறது நடை ஆகாது, அது இடுப்பையும் கால் நரம்பையும்தான் படுத்தும். கடையில ஆள் இல்லாத நேரம் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க, இருபது தடவை. ரெண்டாவதுதான் எனக்கு ரொம்பக் கவலை. மிச்சம் சாப்பிடுறேன்னு சொன்னீங்களே, மிச்சத்துல என்ன இருக்கும்? சோறும் ரசமும் இருக்கும். முட்டையும் பருப்பும் சுண்டலும் தீர்ந்து போயிருக்கும். நம்ம உடம்புக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் அளவுக்காவது புரதம் வேணும். 60 கிலோ இருந்தா 50 கிராம் கிட்ட. உங்க பங்கு முட்டையையும் ஒரு கரண்டி பருப்பையும் எல்லாருக்கும் பரிமாறுறதுக்கு முன்னாடியே ஒரு கிண்ணத்துல எடுத்து மூடி வச்சிருங்க. வீட்டுல யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. நினைச்சாலும் எடுத்து வைங்க.

ராத்திரி பாத்திரத்தை யார் தேய்க்கலாம்கிறதையும் வீட்டுல பேசுங்க. அதை நான் மருந்துச் சீட்டுல எழுத முடியாது, ஆனா உங்க இடுப்பு வலிக்குப் பாதி மருந்து அதுதான்னு நினைக்கிறேன்.

மீனாட்சி நகர் அம்மா:

கிண்ணம் எடுத்து வைக்கிறேன்மா. இதை யாரும் சொன்னதில்லை.

பழைய டிரில் மாஸ்டர்:

எல்லாவற்றையும் படித்தேன். காலை நேரம் மட்டுமே என்று நான் சொன்னது தவறு, திருத்திக்கொள்கிறேன். எனக்கு அது எளிதாக இருந்ததற்குக் காரணம், என் வீட்டில் காலை வேலை முழுவதையும் என் மனைவி செய்தார். இதை எழுதவே இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எல்லோரும் நடையைப் பற்றியே பேசுகிறீர்கள். தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும். வயதாக ஆகத் தசை கரையும், கரைந்தால் சர்க்கரை போய்ச் சேர இடம் குறையும், தடுக்கி விழுவதும் கூடும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, இரு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுள்ள ஆண் 14 முறைக்குக் கீழே, பெண் 12 முறைக்குக் கீழே என்றால் காலில் வலு குறைவு என்று பொருள். நாற்பதுகளில் இருப்பவர்கள் அதைவிட நன்றாகவே செய்ய வேண்டும். குறைந்தால் அந்தப் பரிசோதனையே பயிற்சி. பத்து முறை எழுந்து உட்காருங்கள், சற்று இளைப்பாறி மீண்டும் பத்து.

பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணமும் இதே வேலையைச் செய்யும். முதுகு நேராக, குதிகால் தரையில் பதிந்தபடி, மெதுவாக இறங்கி மெதுவாக எழ வேண்டும். பள்ளியில் இதைத் தண்டனையாகக் கொடுத்தோம். அதனால் மூன்று தலைமுறைக்கு அதன் மேல் வெறுப்பு வந்துவிட்டது. அதில் என் பங்கும் உண்டு என்பது எனக்கு வருத்தம்.

நைட் ஷிப்ட் (வேடசந்தூர்):

நூல் மில்லுல வேலை, வாரம் விட்டு வாரம் நைட். வயசு 29. நைட் வாரத்துல பசி அடங்கவே மாட்டேங்குது, கேண்டீன்ல ராத்திரி ரெண்டு மணிக்குப் பரோட்டா சாப்பிடுறேன். பகல்ல நாலு மணி நேரம்தான் தூக்கம். நானும் நடக்க ஆரம்பிக்கட்டுமா?

காவிரி செவிலி:

தம்பி, முதல்ல தூங்குங்க. நடை அப்புறம். தூக்கம் குறைஞ்சா பசியைத் தூண்டுற சுரப்பு கூடும், இனிப்பும் எண்ணெயும் தேடும். அது உங்க குணம் கிடையாது, உடம்பு பண்ற வேலை. பெரியவங்களுக்கு 7 மணி நேரமாவது வேணும். ஒரே மூச்சுல வராட்டி காலைல அஞ்சு, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டுன்னு பிரிச்சுக்கங்க. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, இல்லாட்டி கண்ணுக்கு மேல ஒரு துண்டு. ஷிப்ட் முடிய நாலஞ்சு மணி நேரம் இருக்கும்போதே டீயை நிறுத்திருங்க. ரெண்டு மணிக்குப் பரோட்டாவுக்குப் பதிலா வீட்டுல இருந்து சுண்டலோ அவிச்ச முட்டையோ கொண்டுபோங்க.

பொதுவா எல்லாருக்கும் ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே சர்க்கரைக்கு இன்சுலின் போடுறவங்க, சில மாத்திரை சாப்பிடுறவங்க, திடீர்னு நடையைக் கூட்டினா சர்க்கரை தாழ்ந்து போகலாம். கை நடுங்கி, வேர்த்துக் கொட்டினா உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில போடணும். அதைச் சட்டைப் பையில வச்சுக்காம கிளம்பாதீங்க. நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ, தாடைக்கும் இடது கைக்கும் பரவுற வலியோ வந்தா, "வாயு"ன்னு சொல்லித் தள்ளாம ஆஸ்பத்திரிக்குப் போங்க. சர்க்கரை உள்ளவங்க தினமும் ராத்திரி உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்க. கொப்புளம் வந்தது தெரியாமலே நடப்பாங்க.

நூல்கடைக் கணக்கு:

நான் ஆரம்பிச்சு இன்னிக்கு 13 வாரம் ஆச்சுங்க. நடந்ததை நடந்த மாதிரியே எழுதறேன்.

முதல் ரெண்டு வாரம் சிஸ்டர் சொன்ன மாதிரி டிபன் பாக்ஸ் மூடினதும் பத்து நிமிசம் மட்டும். மூணாவது நாளே மறந்துட்டேன். அன்னைக்கு ராத்திரி வீட்டுக்காரம்மாகிட்டச் சொன்னேன். அவங்க ஒண்ணும் பேசலை. மறுநாள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் தொறந்தா, மூடியோட உள்பக்கம் ஒரு வெள்ளைத் துணிப் பட்டை ஒட்டி, அதுல பேனாவால "நட"ன்னு எழுதியிருந்தாங்க. கழுவிக் கழுவி எழுத்து போயிடும், வாரா வாரம் புதுசா எழுதி ஒட்டுவாங்க. இப்ப பட்டை இல்லாமயே கால் கிளம்பிருதுங்க.

அப்புறம் டீயில சக்கரையை அரை அரை ஸ்பூனா குறைச்சுக்கிட்டே வந்தேன், இப்ப அரை ஸ்பூன்தான் போடறாங்க. ஆறாவது வாரத்துல இருந்து சாப்பாட்டுல வரிசையை மாத்தினேன். முதல்ல பொரியலும் பருப்பும், அப்புறம் சோறு. சோறு தானா ஒரு கரண்டி குறைஞ்சுருச்சு. மாஸ்டர் ஐயா சொன்ன நாற்காலிப் பயிற்சி திங்களும் வியாழனும், கடை தொறந்ததும். முதல் நாள் 30 விநாடில 11 தான் வந்துச்சு, இப்ப 18.

எட்டாவது வாரம் மாமா தவறிப்போயிட்டாங்க. ஊருக்குப் போய் அஞ்சு நாள் ஒண்ணுமே செய்யலை. பழைய ஆளா இருந்தா அதோட முடிஞ்சிருக்கும். ஆறாவது நாள் கடைக்கு வந்து டிபன் பாக்ஸை மூடினேன், எந்திரிச்சேன். 96 பேர் ஆய்வைச் சொன்னீங்களே சிஸ்டர், அது அப்ப ஞாபகம் வந்துச்சுங்க.

பக்கத்துல தையல்காரர்கிட்ட டேப் வாங்கி வயிறு அளந்தேன். ஆரம்பத்துல 39 இஞ்சி, இப்ப 37½. நம்ம ஆளுகளுக்கு ஆம்பளைன்னா 90 சென்டிமீட்டர், முப்பத்தஞ்சரை இஞ்சிக்குள்ள இருக்கோணும்னு டாக்டர் சொன்னாரு. பொம்பளைங்களுக்கு 80. இன்னும் ரெண்டு இஞ்சி பாக்கி. எடை ஒண்ணரைக் கிலோதான் எறங்கியிருக்கு. எச்பிஏ1சி 5.8.

முன்னாள் நடத்துனர்:

வாழ்த்துகள் தம்பி. ஒரு சந்தேகம், மழை நாள்ல எங்க நடப்பீங்க? நான் போன வாரம் மழைன்னு மூணு நாள் விட்டுட்டேன்.

நூல்கடைக் கணக்கு:

குடோன்லயேங்க. நூல் மூட்டைக்கு நடுவுல 40 அடி நீளத்துக்கு ஒரு சந்து இருக்கு. போயிட்டு வந்தா 80. பத்து நிமிசத்துல முப்பது சுத்துக்கு மேல வரும். லைட் போட்டா கரண்ட் பில்னு முதலாளி சொல்லுவாருன்னு இருட்டுலயே நடந்துட்டிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை அவரே வந்து லைட்டைப் போட்டுட்டு, நாலு சுத்து என்கூட நடந்தாருங்க.